ஜான் ஃபிராஸ்ட் (சாசன இயக்கத் தலைவர்)

ஜான் ஃபிராஸ்ட் (மே 25, 1784 – சூலை 27, 1877) வேல்சு நாட்டைச் சேர்ந்த துணி வணிகரும், நகராட்சி அரசியல்வாதியும், சாசன இயக்கத் தலைவரும் ஆவார். நியூபோர்ட் நகரின் மேயராகவும் நீதிவானாகவும் பதவி வகித்த இவர், நவம்பர் 4, 1839 அன்று அதே நகரின்மீது திரண்டு வந்த தொழிலாளர் அணிவகுப்புக்குத் தலைமை தாங்கினார். நியூபோர்ட் எழுச்சி என்று அழைக்கப்படும் இந்நிகழ்வில் படையினர் சுட்டதில் ஏறத்தாழ 22 பேர் இறந்தனர். இது பெரிய பிரித்தானியாவில் நிகழ்ந்த கடைசிப் பெரிய ஆயுதக் கிளர்ச்சி என வரலாற்றாசிரியர்களால் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. இராசத்துரோகக் குற்றத்துக்காக ஃபிராஸ்டுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 16 ஆண்டுகளுக்குப் பின்னர் முழு மன்னிப்புப் பெற்று நாடு திரும்பிய இவர், தமது 93 ஆவது வயதில் இறந்தார்.

ஒரு தொழில் நகரில் எழுந்த கிளர்ச்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிய ஃபிராஸ்டின் வாழ்க்கை உதவுகிறது. பதவி நீக்கம், கைது, துப்பாக்கிச்சூடு, சிறப்பு நீதிமன்றம், மரண தண்டனை, நாடு கடத்தல், மன்னிப்பு என்று அரசு கையாண்ட வழிமுறைகளுள் பலவற்றை இவருடைய வாழ்க்கையிலேயே காணலாம்.

பின்னணி

நியூபோர்ட், தென்கிழக்கு வேல்சின் மான்மத்சயர் பகுதியில் அஸ்க் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை இது ஒரு சிறிய சந்தை ஊராகவே இருந்தது. வடக்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் இரும்பு உலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகியபோது, அவற்றின் விளைபொருள்களைக் கால்வாய் வழியாகவும் தண்டவாளப் பாதை வழியாகவும் கொண்டுவந்து கப்பலேற்றும் துறைமுகமாக நியூபோர்ட் வளர்ந்தது. 1801 இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த நகரின் மக்கள்தொகை, 1841 இல் பத்தாயிரத்தைத் தாண்டியது.

மலைப்பகுதித் தொழிலாளர்களின் வாழ்க்கை கடினமானதாக இருந்தது. இரும்பு விலை வீழ்ச்சியடையும் போதெல்லாம் கூலி குறைக்கப்பட்டது. பல இடங்களில் முதலாளிகளே நடத்திய கடைகளில் மட்டுமே பொருள்களை வாங்க வேண்டிய கட்டாயம் இருந்ததால், தொழிலாளர்கள் கடனிலிருந்து மீள முடியவில்லை. 1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நடுத்தர வகுப்பினருள் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் அச்சட்டத்துக்காகக் குரல் கொடுத்த தொழிலாளர்களுள் பெரும்பாலோருக்கு அவ்வுரிமை கிடைக்கவில்லை.

இப்பகுதியில் படையினர் மக்கள்மீது சுடுவது 1839 இல் முதல் முறையாக நடந்ததன்று. சூன் 1831 இல் அருகிலுள்ள மெர்தர் டிட்வில் நகரில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, காசில் விடுதியின் முன் கூடியிருந்தவர்கள்மீது படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் இறந்தனர். அதன்பின் டிக் பெண்டெரின் என அறியப்பட்ட ரிச்சர்ட் லூயிஸ் என்ற இளந்தொழிலாளர் ஒரு படைவீரரைக் காயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஆகத்து 13, 1831 அன்று கார்டிஃப் நகரில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்ற நம்பிக்கை மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நியூபோர்ட்டை நோக்கி நடந்தவர்களுக்கு இந்நிகழ்வு பழங்கதையாகி இருக்கவில்லை.

இளமையும் தொழிலும்

ஃபிராஸ்ட் நியூபோர்ட்டில் ராயல் ஓக் என்ற மதுவிடுதியில் பிறந்தார். இவருடைய பெற்றோர் அவ்விடுதியை நடத்தி வந்தனர். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால், காலணி தைக்கும் தொழில் செய்துவந்த பாட்டனாரிடம் பெரும்பாலும் வளர்ந்தார். பின்னர் கார்டிஃபில் தையல்காரர் ஒருவரிடம் தொழில் பழகினார். பிரிஸ்டலிலும் இலண்டனிலும் துணிக்கடைகளில் பணியாற்றினார். இலண்டனில் இருந்த காலத்தில் தீவிர சீர்திருத்தக் கருத்துகள் இவருக்கு அறிமுகமாயின. தாமஸ் பெயின், வில்லியம் காபெட் ஆகியோருடைய எழுத்துகள் இவருடைய சிந்தனையைப் பெரிதும் பாதித்தன.

நியூபோர்ட்டுக்குத் திரும்பிய இவர் துணி வணிகராகவும் தையல்காரராகவும் தொழில் தொடங்கி வளம் பெற்றார். 1812 இல் மேரி கீச் என்ற கைம்பெண்ணை மணந்தார். இவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். ஆகவே, ஃபிராஸ்ட் சுரங்கத்திலோ உலையிலோ வேலை செய்த தொழிலாளர் அல்லர். சொந்தக் கடையும் குடும்பமும் நகரில் நற்பெயரும் உடைய வணிகராகவே இவர் அரசியலுக்கு வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

புரோதரோவுடன் பகை

ஃபிராஸ்டின் பொது வாழ்க்கை ஒரு குடும்பச் சொத்துத் தகராறிலிருந்து தொடங்கியது. உறவினர் ஒருவருடைய உயிலின்படி தமக்குக் கிடைக்க வேண்டிய பங்கு கிடைக்காமல் போனதற்கு, நியூபோர்ட்டின் செல்வாக்கு மிக்க வழக்கறிஞரான தாமஸ் புரோதரோவே காரணம் என்று 1821 இல் இவர் குற்றஞ்சாட்டினார். புரோதரோ நகராட்சியின் எழுத்தராகவும், அப்பகுதியின் பெருநிலக்கிழாரான டிரெடெகர் மாளிகை சர் சார்லஸ் மார்கனின் முகவராகவும் இருந்தார். எனவே அவரை எதிர்ப்பது நகரின் ஆளும் வட்டம் முழுவதையும் எதிர்ப்பதற்கு ஒப்பாயிற்று.

புரோதரோ தொடுத்த அவதூறு வழக்கில் ஃபிராஸ்ட் 1,000 பவுண்டு இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அதன் பின்னரும் இவர் குற்றஞ்சாட்டுவதை நிறுத்தவில்லை. எனவே மீண்டும் வழக்குத் தொடரப்பட்டு, 1823 இன் தொடக்கத்தில் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து வெளிவந்த பின் தமது எழுத்தை சர் சார்லஸ் மார்கனுக்கு எதிராகத் திருப்பினார். மார்கன் தம் குடியானவர்களை நடத்தும் முறையைக் கண்டித்துத் துண்டு வெளியீடுகளை எழுதினார். 1830 வாக்கில், மக்கள் வாக்களிக்கும் முறை மாறினாலன்றி இத்தகைய ஆதிக்கம் ஒழியாது என்ற முடிவுக்கு இவர் வந்திருந்தார்.

நகராட்சியில்

1835 ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டம், பழைய மூடிய நகராட்சிகளுக்குப் பதிலாக வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களை ஏற்படுத்தியது. இதன்படி நடந்த முதல் தேர்தலில் ஃபிராஸ்ட் நியூபோர்ட் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடர்ந்து நீதிவானாக நியமிக்கப்பட்டார். ஏழைகள் சட்டத்தின்கீழ் அமைந்த பாதுகாவலர் குழுவிலும் இடம்பெற்றார். 1836 இல் நகரின் மேயரானார். முன்பு அவதூறு வழக்கில் சிறை சென்றவர் இப்போது அதே நகரில் வழக்குகளை விசாரிக்கும் இருக்கையில் அமர்ந்தார்.

இவ்வுயர்வு நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு இவர் மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பின்னர் அப்பதவிக்கு வந்த தாமஸ் பிலிப்ஸ், புரோதரோவின் வழக்கறிஞர் தொழிலில் கூட்டாளி ஆவார். 1839 நவம்பரில் நகரைக் காக்கும் பொறுப்பு இந்தப் பிலிப்சிடமே இருந்தது.

சாசன இயக்கத்தில்

மே 1838 இல் வெளியிடப்பட்ட மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளைக் கொண்டிருந்தது. அவையாவன:

1. 21 வயது நிறைந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை
2. இரகசிய வாக்கெடுப்பு
3. நாடாளுமன்ற உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி தேவையில்லை என்ற நிலை
4. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம்
5. சம அளவிலான தொகுதிகள்
6. ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல்

இளம் பேச்சாளரான ஹென்றி வின்சென்ட் மான்மத்சயர் பள்ளத்தாக்குகளில் சுற்றுப்பயணம் செய்து இக்கருத்துகளைப் பரப்பினார். ஊர்தோறும் மதுவிடுதிகளில் சாசனக் குழுக்கள் கூடின. ஃபிராஸ்ட் இயக்கத்தில் இணைந்து விரைவிலேயே அப்பகுதியின் முதன்மைத் தலைவரானார். பெப்ரவரி 1839 இல் இலண்டனில் கூடிய சாசனப் பேரவைக்கு மான்மத்சயரின் பிரதிநிதியாகச் சென்றார்.

பேரவை தயாரித்த விண்ணப்பத்தில் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர் கையெழுத்திட்டிருந்தனர். சூலை 12, 1839 அன்று அவ்விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்ற தீர்மானம் மக்கள் அவையில் 46க்கு எதிராக 235 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. சட்டபூர்வமான வழி அடைபட்டுவிட்டது என்று பலர் கருதியதற்கு இவ்வாக்கெடுப்பே முக்கிய காரணமாயிற்று.

அரசின் தொடக்க நடவடிக்கைகள்

உள்துறை அமைச்சராக இருந்த ஜான் ரசல் பிரபு, சாசனக் கூட்டங்களில் ஒரு நீதிவான் பங்கேற்பதைக் குறித்து சனவரி 1839 இல் ஃபிராஸ்டிடம் கடிதம் மூலம் விளக்கம் கேட்டார். தமது அரசியல் கருத்துகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை அமைச்சருக்கு இல்லை என்ற வகையில் ஃபிராஸ்ட் விடையளித்தார். இக்கடிதப் போக்குவரத்து செய்தித்தாள்களில் வெளியாகி, ஃபிராஸ்டை நாடறிந்தவராக்கியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இவருடைய பெயர் நீதிவான்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்குவதற்காக எடுக்கப்பட்ட இந்நடவடிக்கை, அதிகாரத்தோடு ஃபிராஸ்டுக்கு இருந்த கடைசித் தொடர்பையும் அறுத்துவிட்டது.

மே மாதத்தில் ஆயுதப் பயிற்சிக்கும் சட்டவிரோதமான கூட்டங்களுக்கும் எதிராக அரச அறிவிப்பு வெளியிடப்பட்டது. அதே மாதத்தில் ஹென்றி வின்சென்ட் கைது செய்யப்பட்டு மான்மத் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகத்து மாதம் நடந்த விசாரணையில் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நியூபோர்ட்டில் 45 ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள் நிறுத்தப்பட்டனர். வின்சென்ட்டை மக்கள் பெரிதும் நேசித்ததால், அவருடைய சிறைவாசம் பள்ளத்தாக்குகளில் கடும் கோபத்தை ஏற்படுத்தியது. இலையுதிர் காலத்தில் ஈட்டிகள் வடிக்கப்பட்டன. துப்பாக்கிகள் திரட்டப்பட்டன. ஃபிராஸ்ட் இத்திட்டத்துக்கு முழு மனத்துடன் உடன்பட்டாரா என்பது விவாதத்துக்குரியது. இவர் தயக்கத்துடனேயே தலைமை ஏற்றார் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நியூபோர்ட் எழுச்சி

திட்டத்தின்படி மூன்று அணிகள் இரவில் புறப்பட்டு, விடியுமுன் நியூபோர்ட்டை அடைய வேண்டும். பிளாக்வுட் பகுதியிலிருந்து ஃபிராஸ்டும், எபு வேல், நாண்டிகுளோ பகுதிகளிலிருந்து செபனையா வில்லியம்சும், பாண்டிபூல் பகுதியிலிருந்து கடிகாரத் தொழிலாளியான வில்லியம் ஜோன்சும் தம் அணிகளை நடத்திவர வேண்டும் என்று முடிவாயிற்று.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு கடும் மழையும் புயலும் வீசின. மலைப்பாதைகளில் நடந்தவர்கள் முழுதும் நனைந்து களைத்தனர். வெடிமருந்தும் நனைந்தது. அணிகள் ஒன்றையொன்று சந்திக்கக் காத்திருந்ததில் பல மணி நேரம் வீணாயிற்று. ஜோன்சின் அணி கடைசி வரை வந்து சேரவே இல்லை. இருளில் நகரை அடைய வேண்டியவர்கள் திங்கட்கிழமை காலை பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் வர நேர்ந்தது.

இத்தாமதம் அதிகாரிகளுக்குச் சாதகமாயிற்று. மேயர் தாமஸ் பிலிப்ஸ் முன்கூட்டியே செய்தி அறிந்து, ஏறத்தாழ 500 பேரைச் சிறப்புக் காவலர்களாக நியமித்திருந்தார். சாசன இயக்கத்தைச் சேர்ந்த சிலர் இரவோடு இரவாகப் பிடிக்கப்பட்டு, நகரின் நடுவிலிருந்த வெஸ்ட்கேட் விடுதியில் காவலில் வைக்கப்பட்டனர். நகரில் இருந்த படையினர் ஸ்டோ குன்றின் மேலிருந்த ஏழைகள் இல்லத்தில் தங்கியிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 பேரை லெப்டினன்ட் பேசில் கிரே என்பவரின் தலைமையில் காலையில் வெஸ்ட்கேட் விடுதிக்கு மேயர் வரவழைத்தார். தெருவை நோக்கிய அறையில், சன்னல் கதவுகள் மூடப்பட்ட நிலையில், அவர்கள் நிறுத்தப்பட்டனர்.

காலை ஒன்பது மணியளவில் அணிவகுப்பு ஸ்டோ குன்றிலிருந்து இறங்கி விடுதியின் முன் வந்து நின்றது. வந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,000 என ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதைவிட மிக அதிகமாகக் கூறும் மதிப்பீடுகளும் உள்ளன. காவலில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரி வாயிலில் நெருக்கடி ஏற்பட்டது. முதற் குண்டு யாரால் சுடப்பட்டது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. கூட்டத்தினர் விடுதிக்குள் நுழைந்தனர். சன்னல் கதவுகளைத் திறந்தபோது மேயர் பிலிப்ஸ் காயமடைந்தார். அதன்பின் படையினர் முதலில் தெருவில் நின்றவர்கள்மீதும், பின்னர் விடுதியின் நடைவழியில் நெருங்கி நின்றவர்கள்மீதும் சுட்டனர்.

மோதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 22 பேர் இறந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களுள் பாண்டிபூலைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெல் என்ற இளம் தச்சுத் தொழிலாளியும் ஒருவர். படையினரில் எவரும் உயிரிழக்கவில்லை. கூட்டம் ஆயுதங்களைத் தெருக்களில் எறிந்துவிட்டு மலைகளை நோக்கிச் சிதறி ஓடியது. ஃபிராஸ்டும் டிரெடெகர் பூங்கா வழியாக ஓடித் தப்பினார். ஒருகாலத்தில் இவர் எழுத்தால் எதிர்த்த மார்கன் குடும்பத்தின் நிலத்திலேயே அன்று இவர் மறைந்திருக்க நேர்ந்தது.

கைதும் இரகசிய அடக்கமும்

ஃபிராஸ்ட் அன்று மாலையே நியூபோர்ட்டில் ஓர் அச்சகத்தாரின் வீட்டில் பிடிபட்டார். தலைமறைவாக இருந்த மற்றத் தலைவர்களைப் பிடிக்கப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டது. ஜோன்ஸ் சில நாட்களில் பிடிபட்டார். வில்லியம்ஸ், கார்டிஃபில் வெளிநாடு செல்லவிருந்த கப்பல் ஒன்றில் கைது செய்யப்பட்டார். பள்ளத்தாக்குகள் முழுவதும் தேடுதல் நடந்தது. பலர் வீடு திரும்பாமல் வேறு மாவட்டங்களுக்கு ஓடினர்.

இறந்தவர்களுள் பத்துப் பேரின் உடல்கள் புனித ஊலோஸ் ஆலய வளாகத்தில், அடையாளமற்ற குழிகளில் இரவில் புதைக்கப்பட்டன. இறுதி ஊர்வலம் மற்றொரு கிளர்ச்சியாகிவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகும். காயமடைந்த மேயர் பிலிப்சுக்கு விக்டோரியா அரசி டிசம்பர் 1839 இல் சர் பட்டம் வழங்கினார். லெப்டினன்ட் கிரேயும் பதவி உயர்வு பெற்றார். 1840களில் நியூபோர்ட்டில் நிலையான படைமுகாம் ஒன்றும் கட்டப்பட்டது.

மான்மத் விசாரணை

வழக்கமான நீதிமன்ற அமர்வுக்குக் காத்திராமல், அரசு டிசம்பர் 10, 1839 அன்று மான்மத் நகரின் சயர் மண்டபத்தில் சிறப்பு ஆணைய நீதிமன்றத்தைக் கூட்டியது. தலைமை நீதிபதி சர் நிக்கோலஸ் டிண்டல் தலைமையில் மூன்று நீதிபதிகள் அமர்ந்தனர். கலகம் விளைவித்தல் போன்ற சிறு குற்றச்சாட்டுகளை மட்டும் சுமத்தாமல், முதன்மையானவர்கள்மீது இராசத்துரோகக் குற்றமே சுமத்தப்பட்டது. நகரில் ஏற்பட்ட ஒரு கலவரத்தை அரசிக்கு எதிரான போராக நிறுவ அரசு முயன்றது என்பதே இதன் பொருளாகும்.

ஃபிராஸ்டின் விசாரணை டிசம்பர் 31 அன்று தொடங்கியது. அரசின் சார்பில் தலைமை வழக்கறிஞர் சர் ஜான் கேம்பல் வாதிட்டார். நியூபோர்ட்டைக் கைப்பற்றி, அஞ்சல் வண்டியைத் தடுத்து நிறுத்தினால், அது வராததைக் கண்டு வட பகுதிச் சாசனவாதிகளும் எழுவார்கள் என்பதே திட்டம் என்று அரசுத் தரப்பு கூறியது. ஃபிராஸ்டுக்காக சர் பிரெடரிக் பொல்லாக்கும் ஃபிட்ஸ்ராய் கெல்லியும் வாதாடினர். இருவருமே சாசன இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அணிவகுப்பின் நோக்கம் ஆட்சியைக் கவிழ்ப்பதன்று, வலிமையைக் காட்டிக் காவலில் இருந்தவர்களின் விடுதலையைக் கோருவதே என்பது அவர்களுடைய வாதம். விடுதி வாயிலில் கூட்டத்தினர் என்ன கேட்டார்கள் என்பது குறித்து நீண்ட குறுக்கு விசாரணை நடந்தது. தம் தோழர்களை ஒப்படைக்கக் கேட்டார்களா, அல்லது படையினரைச் சரணடையச் சொன்னார்களா என்பதைப் பொறுத்தே குற்றத்தின் தன்மை அமைந்தது.

மற்றொரு சட்டப் பிரச்சினையும் எழுந்தது. ஆன் அரசியின் காலத்துச் சட்டம் ஒன்றின்படி, இராசத்துரோக வழக்கில் குற்றப்பத்திரிகையின் படி, ஜூரிகளின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் அளிக்கப்பட வேண்டும். ஆனால் சாட்சிகளின் பட்டியல் மட்டும் சில நாட்கள் கழித்து அளிக்கப்பட்டிருந்தது. இக்குறையைப் பொல்லாக் நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டினார். நீதிபதிகள் விசாரணையைத் தொடர்ந்து நடத்தி, இப்பிரச்சினையைப் பின்னர் மேல்நிலையில் முடிவு செய்ய விட்டுவைத்தனர்.

டிண்டல் தமது தொகுப்புரையில் இரு தரப்பு வாதங்களையும் நடுநிலையுடன் எடுத்துரைத்தார். அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக அமைந்தது என்று அரசுத் தரப்பே எண்ணியது. ஆயினும் சனவரி 8, 1840 அன்று ஜூரிகள் ஃபிராஸ்ட் குற்றவாளி என முடிவு செய்து, கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தனர். வில்லியம்சும் ஜோன்சும் இவ்வாறே குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். சனவரி 16 அன்று மூவருக்கும் இராசத்துரோகத்துக்குரிய பழைய தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கிலிட்டு, தலையைத் துண்டித்து, உடலை நான்கு கூறுகளாக்குதல் என்பதே அத்தண்டனை. பிரித்தானியாவில் இத்தகைய தண்டனை விதிக்கப்பட்ட கடைசி வழக்குகளுள் இதுவும் ஒன்றாகும்.

தண்டனைக் குறைப்பு

தண்டனை நிறைவேறுவதைத் தடுக்க நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. கருணை கோரும் விண்ணப்பங்கள் பல நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டன. அதே சனவரி மாதத்தில் செபீல்டு, பிராட்போர்டு ஆகிய இங்கிலாந்து நகரங்களில் நடந்த சிறு கிளர்ச்சி முயற்சிகள் உடனுக்குடன் அடக்கப்பட்டன.

சாட்சிப் பட்டியல் குறித்த சட்டப் பிரச்சினையை 15 நீதிபதிகள் இலண்டனில் கூடி ஆராய்ந்தனர். பட்டியல் அளிக்கப்பட்ட முறை சட்டப்படி சரியன்று என 9 நீதிபதிகள் கருதினர்; 6 பேர் மறுத்தனர். ஆனால் ஆட்சேபம் உரிய நேரத்தில் எழுப்பப்படவில்லை என்றும் 9க்கு 6 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தனர். முதல் முடிவின்படி அரசு தவறியிருந்தது. இரண்டாம் முடிவின்படி தண்டனை நிலைத்தது.

நீதிபதிகளிடையே இவ்வாறு கருத்து பிளவுபட்டிருந்த வழக்கில் மூவரைத் தூக்கிலிடுவது அரசுக்கு இடர்ப்பாடாயிற்று. மெல்பர்ன் பிரபுவின் அமைச்சரவை முதலில் தண்டனையை நிறைவேற்றவே எண்ணியிருந்தது. தலைமை நீதிபதி டிண்டலின் கருத்தை உள்துறை அமைச்சர் நார்மன்பி பிரபு அறிந்த பின்னர் அம்முடிவு மாறியது. பெப்ரவரி 1, 1840 அன்று தண்டனை வாழ்நாள் முழுவதுக்குமான நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் திருமணத்துக்கு அப்போது ஒன்பது நாட்களே இருந்தன. மூவரும் இரவில், முன்னறிவிப்பின்றி மான்மத் சிறையிலிருந்து வெளியேற்றப்பட்டு, செப்ஸ்டோ வழியாகப் போர்ட்ஸ்மத்தில் இருந்த சிறைக்கப்பலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தாஸ்மேனியாவில்

மாண்டரின் என்ற கப்பல் இவர்களை ஏற்றிக்கொண்டு சூன் 30, 1840 அன்று வான் டீமன் நிலத்தின் (இன்றைய தாஸ்மேனியா) ஹோபார்ட் துறைமுகத்தை அடைந்தது. அப்போது ஃபிராஸ்டுக்கு வயது 56. போர்ட் ஆர்தர் கைதிகள் குடியிருப்பில் முதலில் இவருக்கு எழுத்தர் வேலை தரப்பட்டது. அப்போது குடியேற்ற நாடுகள் அமைச்சராக இருந்தவர், முன்பு இவரைப் பதவி நீக்கிய அதே ஜான் ரசல் பிரபு ஆவார். ரசலைப் பற்றி ஃபிராஸ்ட் மதிப்பின்றி எழுதியதற்காக இவருக்குக் கடின உழைப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை முடிந்த பின்னர் ஒரு மளிகைக் கடையில் எழுத்தராகவும், அதன்பின் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவும் இவர் பணியாற்றினார்.

பிரித்தானியாவில் இவர்களை விடுவிக்கும் முயற்சி தொடர்ந்தது. மே 1841 இல் அரசியல் கைதிகளின் விடுதலை குறித்து நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் டன்கம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 58 வாக்குகளும் எதிராக 58 வாக்குகளும் விழுந்தன. அவைத்தலைவர் எதிராக வாக்களித்ததால் தீர்மானம் தோற்றது. அந்த ஒரு வாக்குக்குப் பின் ஃபிராஸ்ட் மேலும் 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விடுதலையும் இறுதிக் காலமும்

1854 இல் பிரித்தானியாவுக்குத் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஃபிராஸ்டுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. தம் மகள் கேத்தரினுடன் அமெரிக்காவுக்குச் சென்ற இவர் அங்குச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மே 1856 இல் நிபந்தனையற்ற முழு மன்னிப்புக் கிடைத்ததும் நாடு திரும்பினார். நியூபோர்ட் மக்கள் இவரைத் திரளாகக் கூடி வரவேற்றனர். வில்லியம்சும் ஜோன்சும் தாஸ்மேனியாவிலேயே தங்கிவிட்டனர். ஜோன்ஸ் 1873 இலும் வில்லியம்ஸ் 1874 இலும் அங்கேயே இறந்தனர்.

ஃபிராஸ்ட் பிரிஸ்டலை அடுத்த ஸ்டேபிள்டன் என்ற ஊரில் குடியேறினார். கைதிகள் குடியிருப்புகளில் தாம் கண்ட கொடுமைகளைப் பற்றிப் பல ஊர்களில் பேசியும், நாடு கடத்தல் தண்டனையைக் கண்டித்து எழுதியும் வந்தார். முதுமையில் பொது வாழ்க்கையிலிருந்து விலகி வாழ்ந்த இவர், சூலை 27, 1877 அன்று இறந்தார். பிரிஸ்டலின் ஹார்ஃபீல்டு பகுதி ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

நியூபோர்ட்டில் அதிகாரிகளின் செயல் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. ஆயுதம் தாங்கிய பல்லாயிரம் பேர் நுழைந்த ஒரு நகரில், மிகச் சிறிய படையைக் கொண்டு மேயர் பெருங்குழப்பத்தைத் தடுத்தார் என்பது ஒரு கருத்து. ஈட்டியும் நனைந்த துப்பாக்கியும் ஏந்திய கூட்டத்தின்மீது, குறுகிய நடைவழியில் மிக அருகிலிருந்து சுட்டதில் இத்தனை பேர் மடிந்தனர் என்பதும், அமைதியான விண்ணப்பத்தை நாடாளுமன்றம் மதித்திருந்தால் இவ்வணிவகுப்பே நிகழ்ந்திராது என்பதும் மற்றொரு கருத்து.

துப்பாக்கிச்சூடு ஒருநாள் நிகழ்வு. அதன் பின்னர் நடந்தவற்றில் அரசு இரண்டு விதமாகச் செயற்பட்டது. ஒருபுறம் மிகக் கடுமையான குற்றச்சாட்டையும் மிகக் கொடிய தண்டனையையும் தேர்ந்தெடுத்தது. மறுபுறம் திறமையான வழக்கறிஞர்கள் வாதாட முடிந்த, நீதிபதிகள் அரசின் தவற்றையும் எடுத்துக்கூற முடிந்த ஒரு விசாரணையை நடத்தியது. மெர்தரில் டிக் பெண்டெரினுக்குக் கிடைக்காத உயிர்ப்பிச்சை ஃபிராஸ்டுக்குக் கிடைத்ததற்கு, மக்களின் விண்ணப்பங்களோடு இச்சட்டப் பிரச்சினையும் ஒரு காரணமாகும். தண்டனை குறைக்கப்பட்டதால் தியாகிகள் உருவாகாமல் போனார்கள் என்றும், அது அரசுக்கே நன்மையாக முடிந்தது என்றும் கருதுவோர் உள்ளனர்.

சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் ஐந்து பின்னர் சட்டமாயின. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான சொத்துத் தகுதி 1858 இல் நீக்கப்பட்டது. இரகசிய வாக்கெடுப்பு 1872 இல் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டையும் ஃபிராஸ்ட் தம் வாழ்நாளிலேயே கண்டார். உறுப்பினர்களுக்கு ஊதியம் 1911 இலும், 21 வயது நிறைந்த ஆண்களுக்கான வாக்குரிமை 1918 இலும் வந்தன. ஆண்டுதோறும் தேர்தல் என்ற கோரிக்கை மட்டுமே நிறைவேறவில்லை.

நினைவுச் சின்னங்கள்

நியூபோர்ட் நகரின் நடுவிலுள்ள சதுக்கம் ஒன்று ஜான் ஃபிராஸ்ட் சதுக்கம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. நகரிலுள்ள பள்ளி ஒன்றும் இவருடைய பெயரைக் கொண்டுள்ளது. எழுச்சியைச் சித்திரிக்கும் சிற்பங்கள் 1991 இல் வெஸ்ட்கேட் விடுதியின் அருகே நிறுவப்பட்டன. கென்னத் பட் என்ற ஓவியர் 1978 இல் உருவாக்கிய பெரிய ஓட்டுச் சித்திரம் ஒன்று சதுக்கத்துக்கு அருகிலுள்ள நடைவழிச் சுவரில் இருந்தது. நகர மைய மறுசீரமைப்புக்காக அக்டோபர் 2013 இல் அது இடிக்கப்பட்டபோது மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஃபிராஸ்ட் விசாரிக்கப்பட்ட மான்மத் சயர் மண்டபத்தின் நீதிமன்ற அறை பாதுகாக்கப்பட்டு வருகிறது. இவருடைய கல்லறை இருந்த இடத்தில் 1980களில் புதிய நினைவுக்கல் நடப்பட்டது. புனித ஊலோஸ் வளாகத்தில் இரவில் புதைக்கப்பட்ட பத்துப் பேரின் குழிகள் அடையாளமின்றியே விடப்பட்டிருந்தன. அவர்களுக்கான நினைவுக்கல் ஒன்று இன்று அவ்வளாகத்தில் உள்ளது.